அக்காவின் சுவர்களும் தம்பியின் குழாய்களும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் மூளையில் உதித்ததில்லை, என் வீட்டில் நடந்தது. என் கணவருக்கும் அவருடைய அக்காவுக்கும் பேச்சு அற்றுப்போயிருந்த காலத்தில், இருவரும் ஒரே கட்டடத்தைத்தான் கணினியில் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒரு சின்ன மருத்துவமனை. அக்கா கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில். தம்பி குழாய் வேலைகளை வரைகிற இன்னொரு அலுவலகத்தில். சுவர் அக்காவுடையது, சுவரை ஒட்டி இறங்கும் குழாய் தம்பியுடையது. இதைக் கேட்டும் கை அரிக்கவில்லை என்றால் நான் எழுதுவதை விட்டுவிட்டு வேறு பிழைப்புப் பார்க்கலாம்.

எழுத உட்காரும் முன் இருவரிடமும் தனித்தனியாக அனுமதி வாங்கினேன். "என்னவோ எழுது. என்னை வில்லனாக்கிடாத" என்றார் இவர். (எங்கள் வீட்டில் ‘இவர்’ என்றால் என் கணவர்தான். கதையிலும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.) அவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி சொன்னது: "தாராளமா எழுது. ஆனா வேலை விஷயத்துல தப்புத்தப்பா எழுதி எங்க மானத்தை வாங்காத. முதல்ல எங்கிட்ட காட்டு."

காட்டினேன். அதன் விளைவுகளை அங்கங்கே பார்ப்பீர்கள்.

தொடக்கம் மட்டும் பலமுறை எழுதினேன்.

‘அந்த மருத்துவமனை ஒரு கணினித் திரையில் பிறந்தது.’ (பிரசவ வார்டு ஞாபகம் வருகிறது. வேண்டாம்.)

‘உடன்பிறப்பு என்பது...’ (இப்படி ஆரம்பிக்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.)

‘ஒரு திங்கட்கிழமை இவர் அக்காவின் கோப்பை பைண்ட் பண்ணிவிட்டார்.’

இதுதான் சரியான தொடக்கம். பின்னால் நடந்த அத்தனைக்கும் இதுதான் காரணம். ஒரே குறை, வரைகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இது புரியாது.

2

ஆகவே கொஞ்சம் பாடம். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ஒரு கட்டடத்தை ஒரே ஆள் வரைவதில்லை. சுவரும் கதவும் ஒருவர், தூணும் கம்பியும் ஒருவர், மின்சாரம் ஒருவர், தண்ணீர் ஒருவர். தண்ணீர்க்காரர் தன் கோப்பில் சுவரைத் திரும்பவும் வரைந்துகொண்டிருக்க மாட்டார். சுவர்க்காரியின் கோப்பை வெளியிலிருந்து இணைத்துக்கொள்வார். எக்ஸ்ரெஃப் என்பார்கள். அந்தச் சுவர்கள் இவருடைய திரையில் மங்கலாகச் சாம்பல் நிறத்தில் தெரியும். பார்க்கலாம், கை வைக்க முடியாது. ஏனென்றால் அவை இந்தக் கோப்பிலேயே இல்லை. எங்கே இருக்கின்றன என்கிற முகவரி மட்டும்தான் இங்கே இருக்கிறது. அந்தச் சாம்பல் கோடுகளின் மேல் இவர் தன் குழாய்களைப் பச்சையில் போடுவார்.

"அடுத்த வீட்டு டீவியை நம்ம ஜன்னல் வழியா பாக்குற மாதிரி" என்று எனக்கு விளக்கினார். "அவங்க சேனல் மாத்தினா நமக்கும் மாறும்."

[அண்ணி ஓரத்தில் எழுதியது: திறந்து வெச்சிருக்கும்போது தானா மாறாது. ‘இணைத்த கோப்பு மாறியிருக்கிறது’ன்னு மூலையில ஒரு அறிவிப்பு வரும். ரீலோட் கொடுத்தாதான் புதுசு தெரியும். இல்லன்னா மூடிட்டுத் திறக்கணும். இதை விட்டுட்டா உன் கதையே நிக்காது.]

"சரி, பைண்ட் பண்றதுன்னா?" என்று கேட்டேன்.

"அந்த டீவியை ஒரு போட்டோ எடுத்து நம்ம வீட்டுச் சுவர்ல மாட்டிக்கிறது. அந்தச் சுவரெல்லாம் நம்ம கோப்புக்குள்ளயே வந்துடும். அவங்க கோப்போட சம்பந்தம் விட்டுப்போயிடும்."

"அப்ப படம் ஓடாதே?"

"ஓடாது. தொல்லையும் இருக்காது."

பாடம் முடிந்தது.

3

இனி சண்டை. எழுதப் பயமாக இருந்த பகுதி இதுதான். படிக்கப்போகிற முதல் இரண்டு பேரும் அந்தச் சண்டைக்காரர்களே.

மாமாவுக்கு, அதாவது அவர்களுடைய அப்பாவுக்கு, நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது நாங்கள் வெகு தூரத்தில் வேறோர் ஊரில் இருந்தோம். இவருக்கு அங்கே நல்ல வேலை கிடைத்து, அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தார். மாமா அண்ணி வீட்டில் இருந்தார். "தம்பிகிட்ட சொல்லாத. சொன்னா வேலையைப் போட்டுட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்துப்பான்" என்று அண்ணியிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அண்ணியும் சொல்லவில்லை. நாங்கள் போனில் கேட்டால், "இருமல்தான், மருந்து சாப்பிடறாரு" என்பார். ஒருநாள் அண்ணியே கூப்பிட்டு, "கிளம்பி வாங்க" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

நாங்கள் வந்து சேர்ந்தபோது மாமாவுக்கு நினைவு தப்பியிருந்தது. இவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான்தான். அப்பா, நான் வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாமா கண்ணைத் திறக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், கூடத்தில் வைத்து இவர் கேட்டார்: "நான் அவருக்குப் பையனா, விருந்தாளியா? கடைசியில வந்து தலையைக் காட்டிட்டுப் போறதுக்கு?"

"அப்பா சொல்லாதன்னாரு. நான் சொல்லல" என்றார் அண்ணி.

"அவர் சொல்லுவாரு. உனக்கு எங்க போச்சு புத்தி?"

முதல் வரைவில் இந்த இடத்தில் அண்ணிக்கு அரைப் பக்கம் பதில் எழுதியிருந்தேன். கண்ணீரும் நியாயமுமாக நன்றாகத்தான் வந்திருந்தது. பிறகு அடித்துவிட்டேன். அண்ணி அன்று செய்தது வேறு. காலி டம்ளர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது.

[இவர் ஓரத்தில் எழுதியது: ‘புத்தி’ன்னா சொன்னேன்? கொஞ்சம் குறைச்சு எழுதக் கூடாதா?]

குறைக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

4

அப்புறம் நாங்கள் இந்த ஊருக்கே திரும்பிவிட்டோம். இவருக்குப் புது அலுவலகம். அங்கே கைக்கு வந்த முதல் பெரிய வேலை அந்த மருத்துவமனை. வந்த கோப்பைத் திறந்தால், கீழ் மூலையில் வரைந்தவரின் பெயர் இருக்கும் கட்டத்தில் அக்காவின் பெயர்.

வேலையை வேறு யாரிடமாவது தள்ளிவிடலாமா என்று பார்த்தார். முடியவில்லை. சரி, சுவர்தானே, சுவருக்கு வாய் இல்லையே என்று இணைத்துக்கொண்டார். ஆனால் அண்ணி ஓயாமல் திருத்துகிற ஆள். கதவை ஒரு சாண் நகர்த்துவார், மறுநாள் பாதியைத் திரும்பக் கொண்டுவருவார். இவர் திரையின் மூலையில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. "டீ ஆறறதுக்குள்ள வந்து நின்னுடறா" என்று சாப்பிடும்போது என்னிடம் குறைபட்டுக்கொள்வார். ஒரு திங்கட்கிழமை பைண்ட் பண்ணிவிட்டார்.

ஏன் பண்ணினார்? இந்த இடத்தில்தான் என் பாத்திரம் எனக்கே பிடிபடவில்லை. ‘பல்லைக் கடித்துக்கொண்டு மவுஸை அழுத்தினார்’ என்று எழுதினேன். இவர் படித்துவிட்டு, "பல்லையெல்லாம் கடிக்கல. பெரிய கோப்பு, திறக்க நேரமாச்சு, அதனால பண்ணினேன்" என்றார். நான் நம்பவில்லை. அண்ணியிடம் கேட்டால் போட்டுக் கொடுப்பார் என்று நினைத்துக் கேட்டேன். "பெரிய கோப்புதான்மா. திறக்க நேரமாகத்தான் செய்யும்" என்றார் அண்ணி.

பேசாமல் இருந்தாலும் தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டார் போல. பல்லைக் கடிக்கும் வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் அண்ணி இரண்டாம் மாடியில் ஒரு திருத்தம் செய்தார். நோயாளிகளின் கழிப்பறைச் சுவரை நடைபாதையை விட்டு நன்றாகவே உள்ளே தள்ளி, அந்தப் பக்கமாக அறையைப் பெரிதாக்கினார். கதவை வெளியே திறக்கும்படி திருப்பினார். எல்லா அலுவலகங்களுக்கும் மின்னஞ்சல் போனது. அனுப்பியவர் பெயரைப் பார்த்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் திறக்காமல் விட்டார். இவருடைய திரையில் பழைய சுவர் பழைய இடத்திலேயே அசையாமல் நின்றது. அதை நம்பிக் குழாய் இறங்கும் துளைகளைக் குறித்து, வரைபடத்தைக் கட்டுமான இடத்துக்கு அனுப்பிவிட்டார்.

5

கட்டுமான இடத்தின் பொறியாளர் போனை எடுத்தால் மூச்சு விடாமல் பல ஹலோ சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். இரண்டு அலுவலகத்திலும் அவருக்கு ஹலோ என்றே பெயர்.

"ஹலோ, ஹலோ, ஹலோ சார். நாளைக்குக் காலையில இரண்டாம் மாடித் தளத்துக்குக் காங்கிரீட் போடறோம். கம்பி கட்டியாச்சு, நீங்க காட்டின இடத்துல துளை அடைபடாம இருக்கக் குழாய்த்துண்டும் வெச்சாச்சு. இப்ப அந்த மேடம் வரைபடத்தை வெச்சு சுவரைக் குறிச்சுப் பாத்தா, கழிப்பறை ஒரு பக்கம் இருக்கு, உங்க துளை நடைபாதை நடுவுல இருக்கு. நோயாளி எங்க சார் உட்காருவாரு?"

"வர்றேன்" என்றார்.

"சீக்கிரம் வாங்க. மேடத்தையும் வரச் சொல்லியிருக்கேன்."

அவர்கள் அக்கா தம்பி என்று ஹலோவுக்குத் தெரியாது.

நான் அங்கே இல்லை. இனி வருவது இருவரும் தனித்தனியாகச் சொன்னதை நான் ஒட்டித் தைத்தது. இரண்டு பேச்சும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாத ஓர் இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

அண்ணி முன்பே வந்து கம்பிகளுக்கு நடுவே கால் பார்த்து வைத்து நின்றுகொண்டிருந்தார். இவர் மேலே ஏறி வந்தார். இருவரும் ஹலோவின் முகத்தைப் பார்த்தார்கள்.

ஹலோவுக்கு அவசரம். எது சுலபம் என்று அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். "மேடம், சார் துளை வெச்சது உங்க பழைய வரைபடப்படி சரியா இருக்கு. நீங்க சுவரைப் பழைய இடத்துக்கே தள்ளிட்டா யாருக்கும் வேலை இல்ல. கதவையும் எல்லா இடத்துலயும் இருக்கிற மாதிரி உள்பக்கமா திறக்கிறதா வெச்சுக்கலாம். வெளிப்பக்கமா திறந்தா நடைபாதையில போறவங்க மேலதான் இடிக்கும்."

ஹலோ சொன்னபடி நடந்தால் இவருடைய தவறு தவறாகவே இருக்காது. யாரும் கேட்கப்போவதில்லை. ‘அந்தக் கணத்தில் இவர் மனதுக்குள்...’ என்று ஆரம்பித்து, என்ன போடுவதென்று கேட்டேன். "அக்கா ஆமான்னு சொல்லிடுவான்னு நினைச்சேன். சொல்லணும்னும் நினைச்சேன். போதுமா?" என்றார். போதும்.

"முடியாது" என்றார் அண்ணி. "சக்கர நாற்காலி உள்ள திரும்பணும். கூட ஒரு ஆள் நின்னு தூக்கிவிடணும். பழைய அளவுல நடக்காது. கதவு வெளிப்பக்கமாதான் திறக்கணும்."

"ஏன் மேடம்?"

"உள்ள போறவர் நோயாளி. தலை சுத்தி விழுந்தா கதவை அடைச்சுக்கிட்டு விழுவாரு. உள்பக்கமா திறக்கிற கதவுன்னா நீங்க எப்படித் திறப்பீங்க? கதவோட சேர்த்து அவரையும்தான் தள்ளணும்."

"அதெல்லாம் எங்கயாவது எப்பவாவது நடக்கிறது மேடம்."

"எங்க வீட்ல நடந்துச்சு."

ஹலோ கையிலிருந்த வரைபடத்தை மடித்துக்கொண்டார்.

"எங்கப்பா. கதவுல முதுகு முட்டிக்கிட்டுக் கிடந்தாரு. நான் தள்ளுவேன், ‘ஐயோ’ம்பாரு. நிறுத்துவேன், சத்தமே இருக்காது. பயந்துபோய் மறுபடி தள்ளுவேன். கீலெல்லாம் உள்பக்கம், வெளியிலேருந்து கழட்டவும் வழியில்ல. வீட்ல வேற யாரும் இல்ல. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மேல் பலகையை உடைச்சு அவர் உள்ள இறங்கினாரு. அதுவரைக்கும் நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அப்பாகிட்ட பேசிக்கிட்டே இருந்தேன். தூங்கிடக் கூடாதுல்ல."

"அவர் பேசினாராம்மா?" என்று ஹலோ கேட்டார். மேடம் ‘அம்மா’ ஆகிவிட்டதை இருவருமே என்னிடம் சொன்னார்கள்.

"‘தம்பிகிட்ட சொல்லிடாத’ன்னுதான் சொன்னாரு. திரும்பத் திரும்ப அதையேதான்."

இதை அண்ணி தம்பியிடம் சொல்லவில்லை. ஹலோவிடம்தான் சொன்னார். தம்பி ஓர் ஆள் தள்ளி நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். சொந்தத் தம்பியிடம் சொல்ல முடியாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல முடிகிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் கட்டுரை மாதிரி எழுதி வைத்திருந்தேன். (நீக்கிவிட்டேன். உங்களுக்கே தெரிந்த விஷயம்.)

இவர் ஹலோவிடம் சொன்னார்: "துளையை மாத்திடலாம். சுவர் அங்கயே இருக்கட்டும். தப்பு என் வரைபடத்துலதான். பழைய கோப்பை வெச்சுப் போட்டுட்டேன்."

"நாளைக்குக் காலையில வண்டி வந்துடும் சார்."

"இப்பவே போட்டுத் தர்றேன். இங்கயே உட்கார்ந்து."

6

கீழே சிமென்ட் மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில் மூட்டையையே மேஜையாக வைத்து இவர் மடிக்கணினியைத் திறந்தார். பைண்ட் பண்ணிய பழைய சுவர்களை மொத்தமாக அழித்தார். அக்காவின் புதிய கோப்பை இணைத்தார். திரையில் சுவர் வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் முகவரி மட்டும் ஒரு வரியாக வந்து நின்றது. ‘கோப்பு கிடைக்கவில்லை.’ அந்த முகவரி காட்டும் கோப்பு அலுவலகத்துக் கணினியில் இருக்கிறது. கொட்டகையில் இணையம் எடுக்கவில்லை.

[அண்ணி ஓரத்தில்: இது சரி.]

அண்ணியிடம் புது வரைபடத்தின் அச்சுப்பிரதி இருந்தது. ஒத்துப்போகாத இடம் இதுதான்: "அளவைச் சொல்லுன்னு நான்தான் முதல்ல கேட்டேன்" என்கிறார் இவர். "அவன் எங்க கேட்டான், நானாதான் படிக்க ஆரம்பிச்சேன்" என்கிறார் அண்ணி. யார் முதலில் என்பதில் இன்றுவரை முடிவு இல்லை.

"தூண் ஓரத்துலேருந்து?"

"ஆயிரத்து எண்ணூறு."

"கதவு நிலை?"

"தொள்ளாயிரத்து ஐம்பது. வெளியே திறக்குது."

"தெரியும்."

"கைப்பிடி இரண்டு பக்கமும். குழாய் அதுல முட்டக் கூடாது."

"இரண்டு பக்கமுமா?"

"அப்பாவுக்கு இடது கை முதல்லயே வலுவில்லாமப் போச்சு. ஒரு பக்கம் மட்டும் இருந்தா வரும்போது பிடிக்கலாம், போகும்போது பிடிக்க முடியாது."

இவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். "அப்புறம்?" என்றார்.

அண்ணி அடுத்த அளவைச் சொன்னார். கைகழுவும் தொட்டி ஏன் தாழ்வாக இருக்கிறது, கூட நிற்கும் ஆளுக்கு ஏன் ஒரு முழம் விட்டிருக்கிறது, அவசர மணியின் கயிறு ஏன் தரை வரைக்கும் தொங்குகிறது என்று ஒவ்வொன்றையும் இவர் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அண்ணி அப்பாவைப் பற்றி ஒரு வரி சொன்னார். மாமாவின் கடைசி மாதங்கள் இவருக்கு இப்படித்தான், மில்லிமீட்டர் கணக்கில், அந்தக் கொட்டகையில் தெரியவந்தன.

சாயங்காலத்துக்குள் குழாய்த்துண்டுகள் இடம் மாறின. ஹலோவின் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே கம்பியைப் பிரித்துக் கட்டினார்கள். காலையில் காங்கிரீட் வந்தது, போட்டார்கள். கட்டடத்தின் கதை அதோடு முடிந்தது.

7

மனிதர்களின் கதைக்கு முடிவு வேண்டுமே. எழுதிப் பார்த்தவை:

முடிவு ஒன்று. கொட்டகையில் அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இவர் படித்துவிட்டு, "கலவை மிஷின் ஓடுற சத்தத்துல, ஹலோ பாத்துக்கிட்டு நிக்கும்போதா? நீ எங்களைப் பாத்ததே இல்லையா?" என்றார்.

முடிவு இரண்டு. துளை தவறாகவே இருக்கக் காங்கிரீட் போட்டுவிடுகிறார்கள். இருவர் வாழ்க்கையும் இறுகிப்போகிறது. [அண்ணி: தப்பா போட்டா மிஷின் வெச்சுக் குடைஞ்சு புதுத் துளை போட்டுக்கலாம். அதுக்கெல்லாம் யார் வாழ்க்கையும் இறுகாது.]

முடிவு மூன்று. அன்றிலிருந்து இருவரும் பழையபடி பேசிக்கொள்கிறார்கள். இது பொய். வேலை விஷயமாகப் பேசிக்கொள்கிறார்கள். "மூணாவது மாடி மாத்தியிருக்கேன், பாத்துக்கோ." "ம், பாத்துட்டேன்." அவ்வளவுதான். ‘புத்தி’ என்ற சொல்லை இவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணியும் சொல்லாமல் விட்டதற்கு எதுவும் சொல்லவில்லை.

போன வாரம் இவர் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்: "அக்கா வீட்டுக் கதவை மாத்திட்டாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டேன். "உடைச்ச இடத்துல பலகை அடிச்சிருக்கோம். மத்தபடி அப்படியேதான் இருக்கு" என்றார் அண்ணி. "ஆளைக் கூப்பிடணும், கூப்பிடணும்னு நினைக்கிறதுதான். அதைத் தொடவே மனசு வரல."

இவரிடம் சொன்னேன். "அப்ப இன்னும் உள்பக்கமாதான் திறக்குது" என்றார்.

8

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் இவர் துளையிடும் மிஷினையும் உளியையும் பழைய பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"அண்ணிகிட்ட சொல்லிட்டுப் போங்களேன்."

"சொன்னா வேணாம்பா."

"அண்ணன் வீட்ல இருப்பாரா?" என்றேன், அண்ணியின் கணவரை.

"அவருக்கு இன்னைக்கு டியூட்டி. தெரியும்."

போய்விட்டார். நான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது மதியம் தாண்டிவிட்டது. போன் பக்கத்திலேயே இருக்கிறது. எடுத்துக் கேட்டால் ஒரு நிமிடத்தில் முடிவு கிடைத்துவிடும். கேட்கப்போவதில்லை.

கேட்காமலேயே எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. கீல்களைக் கழற்றுவதை ஓர் ஆள் செய்துவிடலாம். நிலையின் வெளிப்பக்கம் கீல் உட்காரப் புதுப் பள்ளம் செதுக்குவதையும் செய்துவிடலாம். ஆனால் கதவைத் திரும்ப மாட்டும்போது ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் திருகாணியை முடுக்க முடியும். கனமான மரக்கதவு. முகமும் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும். கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வீட்டில் இப்போது இருப்பது இரண்டே பேர்.

திருகாணி ஏறுகிற அந்த நேரத்தில் யார் என்ன சொன்னார்கள், அல்லது ஒன்றுமே சொல்லவில்லையா என்பதை நான் எழுதவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கதவைப் பிடித்திருப்பது அக்காவா தம்பியா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் மற்றது தானாக வரும்.